பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை

பாபநாசம் படித்துறையில் கால் வைத்ததும் குளிர் முதுகு வரை ஏறியது. முந்தின இரவு மலையில் மழை. சித்தப்பா கண்ணை மூடி மூன்று முங்கு போட்டுவிட்டு, "கிளம்புவோமாடா, சாயங்காலத்துக்குள்ள கடலப் பாத்திரணும்" என்றார்.

தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கி.மீ. தான். பொதிகையில் பிறந்து, தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அது பிறக்கும் மலைத்தொடரில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது அகத்தியர் மலை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் அந்த மலை வாங்கிக்கொள்கிறது. சோலைக்காடு அதைத் தேக்கிவைத்து மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் வாழும் அந்தக் காடு 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது. இந்தக் காடு இல்லையென்றால் கோடையில் ஆறு இல்லை.

அம்பாசமுத்திரம் தாண்டி ஒரு மருதமரத்தடியில் பைக்கை நிறுத்தினோம். நடு ஆற்றுப் பாறையில் எச்சம் காய்ந்து கிடந்தது. உள்ளே மீன் செதில் மின்னியது. "நீர்நாய்" என்றார் சித்தப்பா. சரி, காத்திருப்போம் என்று உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆறு ஆழமாகத் தேங்கி நிற்கும் கசத்தின் நடுவில் முதலில் ஒரு தலை, அப்புறம் மூன்று. சீட்டி அடிப்பது போல ஒரு சத்தம். ஒன்று கெண்டை ஒன்றைக் கவ்வியபடி பாறையில் ஏறி, தலைப்பக்கத்திலிருந்தே கடித்துத் தின்றது. எலும்பு நொறுங்கும் சத்தம் கரைக்குக் கேட்டது. நான் போட்டோ எடுக்க மறந்துபோனேன்.

திருநெல்வேலியைத் தாண்டும்போது வாசமே மாறிவிடுகிறது. சாக்கடை கலக்கும் இடத்தில் சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் சின்ன வயதில் நீச்சல் பழகிய தண்ணீர் அது.

ஆற்றின் எட்டாவது, கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில். அங்கே தண்ணீர் சாதுவாகக் கிடந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இப்படி இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. மலையிலும் கனமழை. இவ்வளவு குட்டையான ஆற்றில் மலைவெள்ளம் வந்து சேர அதிக நேரம் எடுக்காது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள்.

கொற்கையில் கொஞ்சம் நின்றோம். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் இன்று வயலும் குளமும் சூழ்ந்த ஊர். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பல கிலோமீட்டர் கிழக்கே விலகிவிட்டது. மலை கொஞ்சம் கொஞ்சமாக வந்து கடலைத் தள்ளியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

புன்னைக்காயலில் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றில் குச்சிகளாக நின்றன. வலையை உதறிக்கொண்டிருந்தவரிடம், "அண்ணாச்சி, இங்க தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?" என்று கேட்டேன்.

"காலையில கேட்டிருந்தா நல்ல தண்ணின்னு சொல்லிருப்பேன். இப்ப கடல் ஏறுது, பாரும்" என்றார்.

காலையில் பாபநாசத்தில் கிழக்கே ஓடிய ஆறு, இங்கே மேற்கே திரும்பி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.