எல்லா உரிமைகளும்

என் நாவலுக்குப் பதிப்பகம் நீட்டிய ஒப்பந்தத்தில் எனக்கு நெருடியது ஒரே ஒரு பத்திதான். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை என்று வரிசையாக அடுக்கி, எல்லாம் பதிப்பகத்துக்கே, அதுவும் பதிப்புரிமை இருக்கும் காலம் முழுவதும் என்று முடித்திருந்தார்கள். நம் சட்டப்படி அது என் ஆயுள் முழுக்க, நான் போன பிறகு இன்னும் 60 வருடம். காலத்தைப் பற்றி எதுவுமே எழுதாமல் விட்டிருந்தால்கூட 5 வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால் போனது போனதுதான்.

அச்சும் மின்னூலும் உங்களுக்கு, மற்றதை எனக்கு விட்டுவிடுங்கள் என்றேன். பதிப்பாளர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தம்பி, முதல் புத்தகத்துக்கு நீங்க ஒப்பந்தத்தைப் படிச்சுக்கூடப் பார்க்கலையே."

"அப்ப எனக்கு வேலை இருந்துச்சு சார்."

"அப்படின்னா இப்ப இதுதான் வேலையா?"

ஆமாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

சொன்னது உண்மைதான். மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தபோது புத்தகம் வெளிவந்தாலே பெரிய விஷயம். ராயல்டி என்று கொடுத்ததற்கு அவரிடமே புத்தகங்கள் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். வேலையை விட்ட பிறகு கணக்கே வேறு. 250 ரூபாய் புத்தகம், 10 சதவீதம் ராயல்டி என்றால் பிரதிக்கு 25 ரூபாய். 300 பிரதி போட்டு அத்தனையும் விற்றால் 7,500. ஒரு நாவலுக்கு! இதில் பிழைக்க வேண்டுமென்றால் ஒரே புத்தகம் நாலு வழியில் காசு கொண்டுவர வேண்டும். அந்த நாலு வழியையும் ஒரே பத்தியில் எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் எதை வைத்துப் பிழைப்பது?

ஆனால் அவருக்கும் ஒரு கணக்கு உண்டு. கடைக்காரருக்குக் கழிவு, புத்தகக் காட்சியில் அரங்கு வாடகை, ஏறிக்கொண்டே போகும் காகித விலை, வருமோ வராதோ என்று காத்திருக்கும் நூலக ஆணை, அதாவது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க அரசு தரும் உத்தரவு. முதல் புத்தகத்தை யாரும் சீண்டாதபோது கைக்காசு போட்டு அச்சடித்தவர். எதிலாவது ஒன்றில் போட்டதை எடுத்துவிடலாம் என்ற நப்பாசையில்தான் எல்லாவற்றையும் கேட்டிருப்பார். என்னை ஏமாற்ற இல்லை. அதற்காக 60 வருடமா என்று உடனே எனக்குள் ஒரு குரல் கேட்கிறது. அதுவும் நியாயமாகத்தான் படுகிறது.

என்னை அதிகம் இடிப்பது வேறொன்று. இன்றைக்கு என் வீட்டு வாடகையைக் கட்டுவது கதை இல்லை, மொழிபெயர்ப்பு. சொல்லுக்கு இவ்வளவு என்று பேசி, பயன்பாட்டுக் கையேடும் விளம்பர வாசகமும் செய்து தருகிறேன். மொழிபெயர்ப்புக்கும் தனியாகப் பதிப்புரிமை உண்டு, அது மொழிபெயர்த்தவருடையது. அதை ஒவ்வொரு முறையும் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன், ஒரு வார்த்தை பேரம் பேசுவதில்லை. முகமே தெரியாதவர்களுக்கு மின்னஞ்சலில் கையெழுத்து. எனக்குக் காபி வாங்கிக் கொடுத்த மனிதரிடம் சட்டம். அது கூலிவேலை, நாவல் என்னுடையது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சரி, அப்படியானால் அவரிடம் நாவலை வேலை என்று ஏன் சொன்னேன்?

நாவல் வேறு இடத்தில் வந்தது, தேவைக்கேற்ப அச்சிடும் முறையில். ஒலிநூல் உரிமையும் திரை உரிமையும் பத்திரமாக என்னிடமே இருக்கின்றன. இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

எழுத வரும் இளைஞர்கள் கேட்டால், ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள், கையில் ஒரு வேலையும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாமா என்பதில்தான் சந்தேகம். வேலை இருந்த காலத்தில் நான் எங்கே படித்தேன்?