ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? ஹாஸ்பைஸ் தேடும் குடும்பங்களுக்கு

"இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லா பாத்துக்கோங்க" என்று புற்றுநோய் டாக்டர் சொல்லும் அன்றைக்குத்தான் பல வீடுகளில் ஹாஸ்பைஸ் (குணமாகாத நோயாளியைக் கடைசி காலத்தில் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் சேவை) என்ற சொல்லே காதில் விழுகிறது. டிஸ்சார்ஜுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது தேடத் தொடங்கினால், போனை முதலில் எடுப்பவரிடமே போய் நிற்போம். அதனால் வலி தணிப்பு மருத்துவரைச் சிகிச்சை நடக்கும்போதே ஒருமுறை பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள். கீமோ ஓடிக்கொண்டிருந்தாலும் பார்க்கலாம். அவரைப் பார்த்தால் கீமோவை நிறுத்த வேண்டும் என்றில்லை.

டிஸ்சார்ஜ் அன்று கையில் இருக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், கடைசி ஸ்கேன், இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், சமீபத்திய கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட், நோயாளியின் ஆதார். இவற்றோடு, 'குணப்படுத்தும் சிகிச்சை இனி இல்லை, வலி தணிப்பு சிகிச்சைக்கு அனுப்புகிறோம்' என்று சிகிச்சை தந்த டாக்டரே ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். கேட்காமல் அது வராது. புற்றுநோயாளிகளை மட்டும் சேர்க்கும் இடங்களில் பயாப்ஸி ரிப்போர்ட்டும் இந்தக் கடிதமும் இல்லாவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. கிரியேட்டினின் எதற்கு என்றால், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு, கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் என்ற மருந்து உடம்பிலேயே தங்கி, கைகால் வெட்டி இழுப்பதும் பிதற்றலும் வரும். டாக்டர் அதைப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்வார்.

பெயர்க் குழப்பம்தான் பலரை ஏமாற்றுகிறது. 'ஹோம் கேர்' என்று போர்டு போட்டிருக்கும் ஏஜென்சி பெரும்பாலும் ஆள் அனுப்பும் இடம்: 12 மணி நேர அட்டெண்டர், 24 மணி நேர அட்டெண்டர், கூடுதலாகக் கொடுத்தால் நர்ஸ். குளிப்பாட்டுவார்கள், டயப்பர் மாற்றுவார்கள். அதுவும் தேவையான வேலைதான். ஆனால் அங்கே டாக்டர் இல்லை, மார்ஃபின் இல்லை. முதியோர் இல்லத்திலும் அதே நிலைமை. வலி தணிப்புக் குழு என்றால் அதில் பயிற்சி பெற்ற டாக்டர், நர்ஸ், குடும்பத்தோடு பேச ஒரு சமூகப் பணியாளர் என்று இருப்பார்கள்; அவர்கள் முறைவைத்து வீட்டுக்கு வருவார்கள். ஹாஸ்பைஸ் என்பது படுக்கை வசதியோடு இதே வேலையைச் செய்யும் இடம். சென்னையில் மணலி பக்கம் மாத்தூரில் இருக்கும் ஜீவோதயா அப்படிப்பட்டது. எல்லா இடத்திலும் கடைசி வரை வைத்துக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். சில இடங்களில் வலியும் வாந்தியும் கட்டுக்குள் வரும்வரை வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கூடவே ஒருவர் தங்க வேண்டும் என்பார்கள். இதை முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

பணம் இல்லாத வீடுகள் முதலில் போக வேண்டிய இடம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் தவிர, வீட்டுக்கே வரும் வலி தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. மாத்திரை கொடுக்க வருபவரிடமே "படுத்த படுக்கையா இருக்காங்க, பேலியேட்டிவ் நர்ஸ் வரணும்" என்று சொல்லிப் பெயர் எழுத வையுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாத வீடுகளுக்கு மாத்திரை மட்டும் வந்துகொண்டிருக்கும்.

இனி, எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? கட்டடத்தையும் ஏ.சி.யையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். "ராத்திரி ரெண்டு மணிக்கு வலி தாங்காம கத்தினா யாருக்குப் போன் பண்ணணும், அவங்க என்ன செய்வாங்க?" என்று கேளுங்கள். நல்ல குழு தயங்காமல் பதில் சொல்லும்: இந்த நம்பர், இந்த நர்ஸ், வீட்டில் இருக்கும் மாத்திரையில் இத்தனை கூடுதலாகக் கொடுக்கச் சொல்வோம், அரை மணி நேரம் கழித்து மறுபடி பேசுவோம் என்று. "பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பதுதான் பதில் என்றால், மற்ற எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது ஹாஸ்பைஸ் சேவை ஆகாது.

அடுத்து, வாய்வழி மார்ஃபின் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தெருமுனை மருந்துக்கடையில் அது கிடைக்காது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்திய பிறகு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வாங்கி வைத்துக் கொடுக்கலாம். அந்த அங்கீகாரம் இல்லாத இடம், மார்ஃபினைவிட வலுக்குறைந்த வலி மருந்தான டிரமடாலோடு நின்றுவிடும். டிரமடாலுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் என்ற உச்சவரம்பு உண்டு. எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலி அதற்குள் அடங்காமல் போகலாம்.

"மார்ஃபின் ஆரம்பிச்சா முடிஞ்சுது" என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. சிறிய அளவில் தொடங்கி, வலிக்கு ஏற்ப டாக்டர் கூட்டிக்கொண்டு போகும் மார்ஃபின் சாவைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையவே குறையாது. அதனால் மார்ஃபின் சீட்டிலேயே மலமிளக்கியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத டாக்டருக்கு இந்த வேலையில் அனுபவம் குறைவு என்று தயங்காமல் முடிவு செய்யலாம். மூன்று நாள் மலம் போகாமல் வயிறு உப்பி, வாந்தி எடுத்து, 'மருந்து ஒத்துக்கல' என்று மார்ஃபினையே நிறுத்திவிடும் வீடுகள் நிறைய.

சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இடது ஓரத்தில் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று எழுதுங்கள். நடு இரவில் எழுப்பாமல் இருக்க இரவு 10 மணிக்கு இரட்டை அளவு கொடுக்கச் சொல்வது வழக்கம். அடுத்த கட்டத்தில் கொடுத்த அளவு, அதற்கடுத்து வலிக்குப் பத்துக்கு எத்தனை, கடைசியில் மலம் போனதா. இடையில் வலி வந்து கூடுதலாகக் கொடுத்த மாத்திரையைச் சிவப்பு மையில் எழுதுங்கள். ஒரு நாளில் சிவப்பு மை மூன்று நான்கு முறை வந்தால் அடிப்படை அளவு போதவில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நர்ஸுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

12 மணி நேரம் வேலை செய்யும் மார்ஃபின் மாத்திரையை ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) விடுவதற்காகப் பொடி செய்யவே கூடாது. அரை நாள் மருந்து ஒரே அடியாக இறங்கி மூச்சு மந்தமாகிவிடும். ஃபென்டனில் பேட்ச் (தோலில் ஒட்டும் வலி மருந்து) ஒட்டினால் வலி குறைய அரை நாளாவது ஆகும். ஒட்டிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வைக்கக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக இறங்கும்.

படுக்கைப்புண்ணுக்கு இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் போட்டாலும் திருப்பத்தான் வேண்டும். நாற்றமடிக்கும் புற்றுப்புண்ணுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவ நர்ஸ் கற்றுத் தருவார். சில நாளிலேயே நாற்றம் தணிந்து, பேரன் பேத்திகள் மறுபடி கட்டில் பக்கம் வருவார்கள். வீட்டு ஆட்களை உட்கார வைத்து இதையெல்லாம் கையால் செய்ய வைத்துப் பார்க்கும் குழுவா, தானே செய்துவிட்டுக் கிளம்பும் குழுவா என்பதை முதல் வருகையிலேயே கவனியுங்கள்.

நோயாளிக்கு விஷயம் தெரியுமா என்று குழுவினர் கேட்பார்கள். "அப்பாவுக்குத் தெரிய வேணாம்" என்று சொன்னால் சண்டை போடாமல், அதே சமயம் அப்பா நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லவும் மறுக்கும் குழு நம்பத்தகுந்தது. வென்டிலேட்டர் வேண்டாம் என்பது நோயாளியின் விருப்பமானால், நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். இல்லாவிட்டால், கடைசி நாளில் தொண்டையில் கறகற சத்தம் கேட்டதும் வெளியூரிலிருந்து வந்த சித்தப்பா 108-ஐக் கூப்பிடுவார், அப்புறம் ஐ.சி.யூ.தான். அந்தச் சத்தம் விழுங்க முடியாமல் தங்கும் எச்சில். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். அப்போது வாயில் தண்ணீர் ஊற்றாமல், ஈரத்துணியால் உதட்டையும் நாக்கையும் நனைத்துக்கொண்டே இருங்கள்.

சேரும்போதே கேட்க வேண்டிய இன்னொன்று: வீட்டில் இறந்தால் உங்கள் டாக்டர் வந்து பார்த்து இறப்புக் காரணச் சான்று தருவாரா? மருத்துவமனைக்கு வெளியே நடந்த இறப்புக்கு அது படிவம் 4ஏ. அது இல்லாமல் மயானத்தில் தடுமாற்றம், பதிவிலும் தடுமாற்றம். விடியற்காலையில் முன்பின் தெரியாத டாக்டரிடம் போய்க் கெஞ்ச வேண்டி வரும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

காரியம் முடிந்த பிறகு மீதி மார்ஃபினை எண்ணி, நோட்டையும் எடுத்துக்கொண்டு போய், மார்ஃபின் தந்த மையத்திலேயே திருப்பிக் கொடுங்கள். குப்பையிலும் போட வேண்டாம், வலிக்கிறது என்று வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். கடனாக வாங்கிய ஏர் பெட்டைத் துடைத்து அன்றே அனுப்பிவிடுங்கள், அடுத்த வீட்டில் காத்திருப்பார்கள்.