சம்பளச் சீட்டு வாரம்

மார்ச் 2, சுங்கை சிப்புட், மலேசியா
தோட்டத்து ஆட்கள் சம்பளச் சீட்டைத் திறப்பது நான் பார்த்துக்கொள்ளும் பைத்தான் வலைச் செயலியில். கிராணி (தோட்டத்து எழுத்தர்) அனுப்பிய படம்: 2ஆம் டிவிஷன் (தோட்டப் பிரிவு) ஆளின் சீட்டில் 4ஆம் டிவிஷன் செம்பனைக் குலைக் கணக்கு. இங்கே திறந்தால் சரியாகவே இருக்கிறது.

மார்ச் 3
ஒரு ஆள் மட்டும் தட்டினால் வராது. சாயங்காலம் எல்லா டிவிஷனும் சேர்ந்து திறக்கும்போதுதான் வருகிறது. டிவிஷன் எண் கிடப்பது மாட்யூல் (நிரல் கோப்பு) தலையில், எல்லாரும் பகிரும் ஒரு குளோபல் மாறியில். செயலியை ஓட்டும் சர்வர் குனிகார்னில் 1 வொர்க்கர் (ஒரு புராசஸ்), அதற்குள் 4 த்ரெட் (கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலை இழைகள்). நாலுக்கும் அந்த ஒரே மாறிதான். 2 என்று எழுதிவிட்டு டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு த்ரெட் 4 என்று எழுதிவிட்டுப் போகிறது. எழுதும் வரிக்கும் படிக்கும் வரிக்கும் நடுவே 0.2 வினாடி ஸ்லீப் போட்டு, இரண்டு டெர்மினலில் கர்ல் (கோரிக்கை அனுப்பும் கட்டளை) விட்டேன். முதல் தடவையே மாறியது. ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பைத்தானின் பூட்டு) பார்த்துக்கொள்ளும் என்பார்கள். அது இன்டர்ப்ரெட்டரின் உள்வேலைக்குத்தான் காவல். நம் இரண்டு வரிக்கு நடுவே வந்து நிற்காது.

மார்ச் 4
த்ரெடிங் லோக்கல் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி மாறி) போட்டாச்சு. நின்றுவிட்டது.

மார்ச் 4, இரவு
நிற்கவில்லை. குக்கியில் (பிரவுசர் கோரிக்கையோடு அனுப்பும் குறிப்பு) டிவிஷன் இல்லாமல் வரும் கோரிக்கைக்கு, அதே த்ரெட்டில் முன்னால் வந்தவரின் டிவிஷன் ஒட்டிக்கொள்கிறது. பூலில் (த்ரெட் தொகுப்பில்) த்ரெட் சாவதில்லை, அடுத்த கோரிக்கையை எடுத்துக்கொள்கிறது. பெரட்டில் (காலையில் ஆள் கூப்பிடும் இடத்தில்) பேர் கொடுக்காதவனுக்கு நேற்று வேறொருவன் வெட்டிய நிரையை (மர வரிசையை) எழுதுவது போல. இதற்கு 4 த்ரெட் கூட வேண்டாம், 1 போதும்.

மார்ச் 5
அடுத்து கான்டெக்ஸ்ட்வார்ஸ்: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி மதிப்பு வைக்கும் மாட்யூல். பைத்தான் 3.7இலிருந்து இருக்கிறது. அசிங்க்ஐஓவில் (காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலைக்குத் தாவும் முறை) ஒரே த்ரெட்டில் பல கோரிக்கை ஓடுவதால் த்ரெடிங் லோக்கல் அங்கே உதவாது, இது உதவும். ஆனால் நம்முடையது டபிள்யூஎஸ்ஜிஐ (ஒரு த்ரெட் ஒரு கோரிக்கையை முடித்த பிறகே அடுத்ததை எடுக்கும் முறை). இங்கே தானாகத் துடைக்காது, பழைய மதிப்பு அப்படியே கிடக்கும். கோரிக்கையின் முதல் வரியிலேயே செட் (குக்கியில் இல்லையென்றால் நன், அதாவது பைத்தானின் வெற்று மதிப்பு), அது தரும் டோக்கனை (பழைய மதிப்புக்குத் திரும்பும் அடையாளம்) வைத்து ஃபைனலியில் (பிழை வந்தாலும் ஓடும் பகுதி) ரீசெட். வேறெங்கே ரீசெட் எழுதினாலும் எக்ஸப்ஷன் (நடுவில் எழும் பிழை) அதைத் தாண்டிப் போய்விடும்.

மார்ச் 6
மழை. லைன் இரண்டு முறை போனது.

மார்ச் 6, இரவு
பிடிஎஃப் வேலை தனி த்ரெட்பூலில். அங்கே லுக்கப்எரர் (மதிப்பு இல்லை என்ற பிழை): அந்த த்ரெட்டுக்கு டிவிஷனே தெரியாது. கத்தியது நல்லது. டீஃபால்ட் (மதிப்பு இல்லாதபோது எடுப்பது) 2 என்று வைத்திருந்தால் எல்லாச் சீட்டும் சத்தமில்லாமல் 2ஆம் டிவிஷனுக்குப் போயிருக்கும். காப்பி கான்டெக்ஸ்ட் (இப்போதைய மதிப்புகளின் நகல்) எடுத்து ரன்னில் அனுப்பலாம், ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் தனிக் காப்பி. ஒன்றையே இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் ஓட்டினால் ரன்டைம்எரர். அதையும் விட்டேன். டிவிஷன் எண்ணை ஆர்கியுமென்டாகவே கொடுத்தாச்சு. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும்.

நாளை 7. அதற்குமேல் சம்பளத்தைத் தள்ள முடியாது.

மார்ச் 7, காலை 5.40
பெரட்டுக் களத்தில் திறக்கிறார்கள். லாகில் (பதிவுக் கோப்பில்) டிவிஷன் வரிசை: 2, 4, 4, நன், 2. கிராணியிடமிருந்து இன்னும் படம் வரவில்லை.