விங் சுன்: முழங்கை உள்ளே வந்த பிறகு

சீனத் தற்காப்புக் கலையான விங் சுன்னின் முதல் பயிற்சி வரிசை சியு நிம் தாவ். அதன் முதல் பகுதி இப்போதுதான் கைக்கு வர ஆரம்பித்திருக்கிறது. ஹாங்காங்கில் நான் போகும் விங் சுன் வகுப்பில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் இதில்தான் தொடங்க வேண்டும். இந்தக் கலையில் வெறுங்கைக்கு மூன்றே வரிசைகள்: சியு நிம் தாவ், சம் கியு, பியு ஜீ. முதல் வரிசையில் கால் இடம் மாறாது. கால்விரல் நுனிகள் உள்நோக்கித் திரும்பி, முழங்கால் லேசாக மடங்கி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். வேலை முழுக்கக் கைகளுக்குத்தான்.

முதல் பகுதியை மிக மெதுவாகச் செய்ய வேண்டும். உள்ளங்கை மேலே பார்க்கும் தான் சாவ், நெஞ்சுக்கு நேரான நடுக்கோட்டில் அங்குலம் அங்குலமாக முன்னே போகும். மணிக்கட்டைச் சுழற்றி, காக்கும் கையான வூ சாவாகத் திரும்ப இழுக்க வேண்டும். அப்புறம் மூன்று முறை, எதிராளியின் கைமேல் படியும் ஃபூக் சாவ். ஒவ்வொரு முறையும் அதே சுழற்சி, அதே வூ சாவ்.

தான் சாவ் சீக்கிரமே வந்துவிட்டது. நேரம் எடுத்தது ஃபூக் சாவ்தான். மணிக்கட்டை மடக்கி விரல்களை உள்நோக்கி வைத்தவுடன் முழங்கை வெளியே விலகப் பார்க்கும். அதை இழுத்துப் பிடித்தால் தோள் இறுகும், தோளைத் தளர்த்தினால் முழங்கை மறுபடி விலகும். சிஃபு (ஆசிரியர்) தன் சுண்டுவிரலை என் முழங்கைக்கு அடியில் வைத்து, கையை நீட்ட வேண்டாம், முழங்கை தள்ளட்டும், முன்கை கூட வந்தால் போதும் என்றார். அதன் பிறகு தோள் இறங்கியது. நடு முதுகில் இதுவரை உணராத ஒரு சின்ன இழுப்பு வந்தது. நல்ல வலி அது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்று டான் சி சாவ் என்ற ஒற்றைக் கைப் பயிற்சியைச் செய்யும்போது புரிகிறது. இருவர் ஒரு கையை ஒட்டி நிற்பார்கள். ஒருவர் தான் சாவ், மற்றவர் அதன் மேல் ஃபூக் சாவ். தான் சாவ் வைத்தவர் உள்ளங்கையால் அடிப்பார். ஃபூக் சாவ் அதை அமுக்கிவிட்டுக் குத்தும். குத்து வந்ததும் முதலாமவர் போங் சாவாக முழங்கையை உயர்த்துவார். இப்படியே மாறி மாறி நடக்கும். என் முழங்கை ஓரிரு அங்குலம் விலகியிருந்தாலும் போதும், என் சி-ஹிங்கின், அதாவது மூத்த மாணவரின், உள்ளங்கை நேராக நெஞ்சுக்கு வந்துவிடும். அவர் வேகம் எதையும் கூட்டுவதில்லை, திறந்திருக்கும் வழியில் வருகிறார், அவ்வளவுதான். இப்போது பெரும்பாலும் அந்த வழி மூடியிருக்கிறது. கண்ணை மூடிச் செய்தாலும் அழுத்தம் எந்தப் பக்கம் மாறுகிறது என்று தெரிகிறது.

விங் சுன் ஆசான் இப் மான் 1972-இல் காலமாவதற்குச் சற்று முன்பு சியு நிம் தாவ் செய்து காட்டியதைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஃபோஷானில் பிறந்து, 1950 வாக்கில் ஹாங்காங்கில் வெளிப்படையாகக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியவர் அவர். உடல் மெலிந்திருந்த அந்த வயதிலும் முழங்கை நடுக்கோட்டை விட்டு விலகவில்லை. தோளில் ஒரு துளி இறுக்கம் இல்லை. நான் பயிற்சிக்கு முன் பார்ப்பது அதைத்தான்.

இடது கை இன்னும் பின்தங்கியே இருக்கிறது. அதனால் காலையில் இடது பக்கத்துக்கு மட்டும் கூடுதல் ஃபூக் சாவ் செய்கிறேன். அது நிலைத்ததும் இரண்டு கைகளையும் சேர்த்துச் சுழற்றும் லுக் சாவைத் தொடங்கலாம் என்று சிஃபு சொல்லியிருக்கிறார்.