பல்லிக்கு ஒரு கண்ணாடி வீடு

ரொறன்ரோவில் மகள் கேட்டாள் என்று லெபர்ட் கெக்கோ என்ற பல்லி வாங்கி மூன்று வாரம். அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "சுவரில சும்மா ஓடுறதைக் காசு குடுத்தோ வாங்கினனீ?" என்றார். இது சுவரில் ஏறாது அம்மா, விரலில் ஒட்டும் தகடு இல்லை. ஆனால் கண் சிமிட்டும், இமை உண்டு.

முதல் வாரம் ஒன்றும் தின்னவில்லை. பிழை என்னுடையதுதான்: வெப்பமானியை விளக்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அங்கே 32 பாகை, தரையில் 24! சரி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வாங்கி ஒரு மூலையின் தரையை 32க்குக் கொண்டுவந்தேன், மறுமூலை 25. அப்புறம் கல்சியம் தூளில் புரட்டிய கிரிக்கெட் பூச்சி ஒன்றை விட்டேன். பல்லியின் வால் நுனி மெல்ல நெளிந்தது. ஒரே கவ்வு.

நேற்று தோல் உரித்தது, உரித்ததையும் தானே தின்றுவிட்டது. விரல் நுனியில் மட்டும் கொஞ்சம் மிச்சம், அது கழர ஈரப்பாசி வைத்திருக்கிறேன்.

அம்மாவின் இன்றைய கேள்வி: "அது சொன்னா என்ன பலன்?"