பிரஷர் இறங்கிவிட்டது, ஆள் எப்படி இருக்கிறார்?

1982-இல் பிரிட்டனில் ஒரு சின்ன ஆய்வு வெளிவந்தது. பிரஷர் மாத்திரை சாப்பிடும் 75 பேர். மருந்து ஆரம்பித்த பிறகு இவர்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று மூன்று தரப்பிடம் கேட்டார்கள். டாக்டர்களைக் கேட்டால் 75 பேருக்குமே முன்னேற்றம். சாப்பிடுகிறவர்களைக் கேட்டால் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் முன்னேற்றம். வீட்டில் இருப்பவர்களோ அநேகமாக எல்லாருமே “ஆள் முன்பு மாதிரி இல்லை, மோசம்” என்றார்கள். அன்றைய மருந்துகளில் பல இன்று முன்வரிசையில் இல்லை. ஆனால் மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது இந்த மூன்று பதில்களையும் இன்றும் கேட்கலாம்.

பிரஷர் வலிக்காது; மாத்திரைதான் படுத்தும். அதனால்தான் முதல் ஆறு மாதத்துக்குள் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டதை டாக்டரிடம் சொல்வதும் இல்லை. “கரெக்டா சாப்பிடுறேன் சார்” என்பார்கள். எண் இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். அந்த ஆறு மாதத்தைத் தாண்டுவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், நிஜமாகவே பிரஷர் இருக்கிறதா? மருத்துவமனையில் 140/90, வீட்டில் 135/85, இவற்றைத் தொடர்ந்து தாண்டினால்தான் பிரஷர். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, மாடி ஏறி, டோக்கனுக்குச் சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்த கையோடு பார்க்கும் எண்ணை நம்பி வாழ்நாள் மாத்திரை தொடங்க வேண்டியதில்லை. கையில் சுற்றும் பட்டையில்தான் நிறையத் தவறு நடக்கிறது. மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக் கைக்குத்தான். தையல் டேப்பால் மேல்கையின் நடுவில் அளந்து பாருங்கள். 34 வந்தால் பெரிய பட்டை தனியாக வாங்கியே ஆக வேண்டும். சின்னப் பட்டை இல்லாத பிரஷரைக் காட்டும். மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம்.

பார்க்கும் முறை இது. காபி, டீ, பீடி, சிகரெட் எதுவும் அரை மணி நேரத்துக்கு முன்பு கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். பட்டை சட்டைக்கு மேலே அல்ல, தோலின் மேலே. முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. கை மேஜையில், நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். காற்று ஏறும்போது பேசக் கூடாது. பேசினாலே பத்துப் புள்ளி ஏறும். பக்கத்தில் நின்று “எவ்ளோ இருக்கு, எவ்ளோ இருக்கு” என்று கேட்பவரையும் வெளியே அனுப்பிவிடுங்கள். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, அதிகம் காட்டும் கையையே எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள்? டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஏழு நாள், காலை மாத்திரைக்கு முன்பும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரியைக் காட்டினால் போதும். மற்ற நாட்களில் மெஷினை அலமாரியில் வையுங்கள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 138 வந்தால் பயம், பயத்தில் 146, அதைப் பார்த்து 155, பிறகு ராத்தூக்கம் போச்சு. கனடாவில் எஃகு ஆலைத் தொழிலாளர்களிடம் நடந்த, 1978-இல் வெளியான ஆய்வு இதை ஒட்டியது: “உங்களுக்கு பிரஷர்” என்று சொன்ன பிறகு அவர்கள் உடம்பு சரியில்லை என்று வேலைக்கு வராத நாட்கள் கூடின. அந்தச் சொல்லே ஆளை நோயாளி ஆக்கிவிடுகிறது.

இனி மாத்திரை. இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

பலருக்கு முதலில் எழுதுவது அம்லோடிபின். நல்ல மருந்து. மெதுவாக வேலை செய்யும், ரத்தத்தில் நீண்ட நேரம் தங்கும். ஒரு வேளை மறந்தாலும் குடிமுழுகாது. மறந்ததற்காக மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். அதன் தொல்லை கால் வீக்கம், அதுவும் 10 மில்லிகிராமில் அதிகம், பெண்களுக்கு இன்னும் அதிகம். சாயங்காலம் செருப்பு வார் பதிந்து தடம் விழும், கொலுசு இறுக்கும். “கிட்னி போச்சு” என்று வீடே கலங்கும். கிட்னி அல்ல. மருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் நுண்குழாய்களை விரிக்கிறது. திரும்ப எடுத்துப் போகும் குழாய்களை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. நடுவில் தேங்கும் அழுத்தத்தால் நீர் கசிந்து கணுக்காலில் இறங்குகிறது. இது உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் அல்ல என்பதால், நீர் பிரிய வைக்கும் மாத்திரையை இதற்கென்று கூடப் போட்டுப் பெரிய பலன் இல்லை. அளவை 5-க்குக் குறைத்து, எனலாப்ரில் அல்லது டெல்மிசார்டான் சேர்த்தால் பலருக்கு வீக்கம் வடியும். அந்த மாற்றத்தை டாக்டர் செய்ய வேண்டும். ஒரே கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ இந்தக் கணக்கு செல்லாது; அன்றே போய்ப் பாருங்கள்.

எனலாப்ரிலுக்கு வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டையில் ஏதோ நமநமவென்று, ராத்திரி படுத்தால் கூடும். மாத்திரை தொடங்கிப் பல வாரம் கழித்தும் வரலாம் என்பதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. பிறகு நடப்பதைப் பாருங்கள். முதலில் இருமல் சிரப். அடுத்து வாயில் அடக்கிக்கொள்ள அதிமதுரம். அதிமதுரத்தைத் தினமும் சாப்பிட்டால் உடம்பு உப்பைப் பிடித்து வைக்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். ஏறிய எண்ணைப் பார்த்து மாத்திரை அளவு கூடும், இருமல் நிற்காது. எனலாப்ரிலை டெல்மிசார்டான் வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் இருமல் அடங்கும். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் அது இருமல் போல் அல்ல, உயிருக்கு ஆபத்து: மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவு. இந்த இரண்டு வகையுமே கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் ஆகாது. கல்யாண வயதுப் பெண்ணுக்கு பிரஷர் என்றால் இதை முதலிலேயே பேசிவிட வேண்டும். இவற்றைத் தொடங்கிய சில வாரங்களுக்குள் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டுவது), பொட்டாசியம் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் போடுங்கள். சாயங்காலம் போட்டுவிட்டு ராத்திரி நான்கு முறை எழுந்து, இருட்டில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தால் பிரஷர் குறைந்து என்ன பயன்? வயதானவர்களுக்கு இதில் சோடியம் இறங்கிவிடலாம்: திடீரென்று குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், எந்நேரமும் தூக்கம். “உப்பைக் குறைக்கச் சொன்னதால்தான் இப்படி” என்று வீட்டில் ஊறுகாய்ப் பாட்டிலைத் திரும்ப எடுத்து வைப்பார்கள். பெரும்பாலும் காரணம் மாத்திரைதான். ரத்தத்தில் சோடியம் பார்த்தால் தெரிந்துவிடும்.

அட்டெனோலால் வகை பிரஷர் மாத்திரையில் அசதி, கை கால் சில்லிடுதல். சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்கு, சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையே அது மறைத்துவிடும். பிடிக்கவில்லை என்று திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி வரை போகலாம். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

தாம்பத்தியம் பற்றி யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. பாதி ஆண்டில் மாத்திரையை நிறுத்திய நாற்பது வயது ஆளிடம் தனியாகப் பேசினால் காரணம் பல நேரம் இதுதான். பிரஷரும் சர்க்கரையுமே விறைப்பைக் குறைக்கும். சில மாத்திரைகளும் குறைக்கும். மாற்று மருந்து உண்டு. மெடிக்கல் ஷாப்பில் தானாக ‘அந்த’ மாத்திரை வாங்குவது, நெஞ்சுவலிக்கு நாக்கடியில் நைட்ரேட் மாத்திரை வைப்பவருக்கு உயிராபத்து.

இதெல்லாம் டாக்டரிடம் சொல்ல இரண்டு நிமிஷம்கூடக் கிடைக்காது, உண்மைதான். அதனால் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவமனை கார்டின் பின்பக்கம் இந்த அளவு போதும்: “அம்லோடிபின் 10, மூணு மாசமா. ஒரு மாசமா சாயங்காலம் ரெண்டு கணுக்கால் வீக்கம். காலையில வடியுது. மூச்சு வாங்கல. போன வாரம் சராசரி 132/80. முட்டி வலிக்கு வாரம் ரெண்டு டைக்ளோஃபெனாக்.” அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இரண்டுமே பிரஷரை ஏற்றும், கிட்னியைப் படுத்தும். மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவும் அப்படியே. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளில் சோடியம் நிறைய.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது முதல் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கூலி வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர்களுக்குப் பெரிய விஷயம். ஒரே சங்கடம், மாத்திரை வருவதாலேயே டாக்டரைப் பார்க்காமல் மாதங்கள் ஓடிவிடும். தொல்லை இருந்தால் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் சொல்லிவிட்டு, அந்த மாதம் நேரிலும் போய்வாருங்கள்.

உப்புக் கணக்கு எளிது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது தட்டிய டீஸ்பூன் ஒன்று. நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். பாக்கெட் பிரித்த தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள். இருபத்தைந்தாம் நாளே தீர்ந்தால் வேறு எந்த விசாரணையும் தேவையில்லை. இதில் ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், கடை மிக்சர் சேரவே இல்லை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சோடியம்தான். இந்துப்பும் கல்லுப்பும் எடைக்கு எடை ஏறத்தாழ அதே சோடியம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். கிட்னி கோளாறு உள்ளவர்களும், எனலாப்ரில், டெல்மிசார்டான் சாப்பிடுபவர்களும் கேட்காமல் தொடக் கூடாது.

ஒருவருக்கு மட்டும் தனிச் சட்டியில் உப்பில்லாக் குழம்பு வைப்பதுதான் பெரிய தப்பு. பத்து நாளில் அவருக்குச் சோறே கசந்துவிடும், வைத்துக் கொடுப்பவருக்கும் சலிப்பு. எல்லாருக்கும் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு குறைத்தால் நாக்கு பழகிவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, பூண்டு கைகொடுக்கும். சோறு வடிக்கும்போது உப்பே வேண்டாம்.

எழுந்தால் தலை கிர்ரென்று சுற்றுகிறதா? உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது டாக்டருக்குத் தெரிய வேண்டும். மாத்திரை கூடுதலாக இருக்கலாம். மாறாக 180/120 காட்டினால், ஐந்து நிமிஷம் உட்கார்ந்து திரும்பப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் எதுவாவது இருந்தால் 108. எதுவும் இல்லை, எண் மட்டும் இறங்கவில்லை என்றால் அன்றே டாக்டரிடம். நாக்கடியில் நிஃபெடிபின் கேப்சூலைப் பிழிந்து விடாதீர்கள். பிரஷர் சடாரென்று விழுந்து பக்கவாதத்தில் முடியலாம்.

ஆறாம் மாதம் ஒரு வேலை செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க 26 கேள்விகள் வைத்திருக்கிறது. மூல வினாப்பட்டியலை உருவாக்கிய மையங்களில் சென்னையும் ஒன்று. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், தெம்பு, வலி, மனச்சோர்வு, தாம்பத்தியம், நண்பர்கள், கையில் காசு என்று போகும். தாள் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, இந்த ஏழையும் ஒரு நோட்டில் எழுதி பத்துக்கு எத்தனை என்று போடுங்கள். பிறகு அதே ஏழையும், நீங்கள் போட்டதைக் காட்டாமல், வீட்டில் இருப்பவரிடம் உங்களைப் பற்றிப் போடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மூன்று மார்க்குக்கு மேல் வித்தியாசம் வரும் வரியைக் கார்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்.