நோயாளி நம் பக்கம் நகரட்டும்

மார்ச் 3, திங்கள்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்பவர்களின் தோள்பட்டை வலியைப் பற்றி இந்த மாதம் முழுக்க எழுதிவைக்கலாம் என்றிருக்கிறேன். 1985-லேயே மார்வீன் கிரெய்க் என்ற அமெரிக்க சோனோகிராபர் (நம்மைப் போல ஸ்கேன் செய்பவர்) இதைத் தொழில்சார்ந்த பாதிப்பு என்று எழுதிவிட்டார். 2009-ல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், பதில் சொன்னவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் வலியோடுதான் ஸ்கேன் செய்கிறார்கள் என்று தெரிந்தது. இத்தனைக்குப் பிறகும் நம் அறைகளில் இது ஏதோ அவரவர் உடம்பின் பலவீனம் போலத்தான் பேசப்படுகிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

மார்ச் 5, புதன்

இன்று சக ஊழியர் ஒருவர் வயிற்று ஸ்கேன் செய்வதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். நோயாளி கட்டிலின் நட்டநடுவில் படுத்திருந்தார். எட்டிப் பிடிப்பதற்காக ஊழியரின் வலது முழங்கை உடம்பைவிட்டு நன்றாக விலகி, தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. இடது கை கன்ட்ரோல் பேனலில். கழுத்து மானிட்டர் பக்கம் திரும்பியிருந்தது. நுரையீரலுக்குக் கீழே ஒளிந்திருந்த கல்லீரல் மேல்பகுதியைத் தேடி, உடம்பின்மேல் வைத்துப் பார்க்கும் கருவியான ப்ரோபை அழுத்தியபடியே வெகுநேரம் அசையாமல் இருந்தார்.

ஆபத்து அந்த அசையாமையில்தான். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கை மட்டுமே சுமார் 3 கிலோ இருக்கும். அதைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்திருப்பதில் தோளின் மேலுள்ள சிறிய சுப்ராஸ்பினேட்டஸ் தசைக்கும் முக்கியப் பங்குண்டு. தசை விடாமல் இறுகியிருந்தால் அதற்குள் ரத்தம் சரியாக ஓடாது. கை உயர உயர, அதன் தசைநார் தோள் எலும்புக்கு அடியில் நெருக்குப்படும். கையை ஆட்டி அசைத்துச் செய்யும் வேலையில் தசைக்கு இடையிடையே மூச்சுவிட நேரம் கிடைக்கும், நம் வேலையில் கிடைப்பதில்லை. கை உடம்பிலிருந்து விலகும் கோணம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று நிபுணர்கள் சொல்வது இதனால்தான்.

மார்ச் 6, வியாழன்

நேற்று பார்த்ததை அந்த ஊழியரிடமே சொன்னேன். அடுத்த நோயாளியிடம் அவர் "கொஞ்சம் என் பக்கம் நகர்ந்து படுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியம் போதும், முழங்கை விலாவோடு வந்து சேர்ந்துவிட்டது. கட்டிலையும் ஸ்டூலையும் முன்கை தரைக்கு இணையாக வரும் உயரத்துக்கு மாற்றினோம். சுருட்டிய துண்டு ஒன்றை முன்கைக்கு அடியில் வைத்ததும் தோள் தானாக இறங்கியது. நோயாளியை நகரச் சொல்லப் பலரும் கூச்சப்படுகிறார்கள். அவர் ஒருமுறை நகர்ந்தால் முடிந்தது. நாம் நகராமல் எட்டிக்கொண்டிருப்பதோ நாள் முழுக்க.

மார்ச் 11, செவ்வாய்

கால் டாப்ளர் நாள், அதாவது காலின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன். தொடையிலிருந்து கணுக்கால் வரை உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டுவது தோளுக்குப் பெரிய தண்டனை. சக்கர ஸ்டூலைக் காலோடு கூடவே நகர்த்த வேண்டும். கெண்டைக்கால் ரத்தக்குழாய்களுக்கு, முடிந்த நோயாளியைக் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொன்னால் ரத்தக்குழாய்கள் நன்றாக விரிந்து தெரியும், நமக்கும் நேர் எதிரே இருக்கும். படமும் தோளும் ஒரே தீர்வில் தப்பிக்கும் இடங்கள் அதிகமில்லை, இது அதில் ஒன்று.

ப்ரோபின் கேபிளைக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. மணிக்கட்டை இழுக்கும் பாரம் கழுத்துக்கு மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. முன்கையில் மாட்டும் கேபிள் பட்டையோ, இயந்திரத்தில் இருக்கும் கொக்கியோ போதும்.

மார்ச் 13, வியாழன்

பருமனான நோயாளி, படம் மங்கல். புதிதாகச் சேர்ந்த பெண் இரண்டு கையாலும் ப்ரோபை அழுத்தினாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"அக்கா, அழுத்தினாத்தான் தெரியுது."

"தெளிவை மெஷின்கிட்ட கேளு, கைகிட்ட கேக்காதே" என்றேன்.

ஆழமாகப் போகும் குறைந்த அதிர்வெண்ணுக்கு மாற்றி, படத்தைத் தெளிவாக்கும் ஹார்மோனிக்கைப் போட்டு, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயினைச் சரிசெய்து, நோயாளியை இடதுபுறம் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆழமாக மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னதும் கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே இறங்கி வந்தது. இவ்வளவும் செய்தும் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதலாம். அது நேர்மையான ரிப்போர்ட். பார்க்க முடியாத ஒன்றுக்காக ஒருவர் தன் தசைநாரைக் கிழித்துக்கொள்வதில் நோயாளிக்கு எந்த லாபமும் இல்லை.

பிடியையும் கவனித்தேன். கையுறையில் ஜெல் வழிந்தால் வழுக்கும், வழுக்கினால் பிடி இறுகும், இறுக்கம் முழங்கை வழியாகத் தோளுக்கு ஏறும். அவ்வப்போது துடைத்துக்கொண்டால் பாதி இறுக்கம் போய்விடும். கையுறையும் சரியான அளவில் இருக்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

வார்டில் படுக்கையோர ஸ்கேன். இடமே இல்லை. ஒருபுறம் வென்டிலேட்டர், மறுபுறம் சுவர். நான் மேலே எழுதியதெல்லாம் இங்கே பாதிதான் செல்லும். ஆனாலும் கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கலாம், கட்டிலை உயர்த்தலாம், இயந்திரத்தைக் கழுத்து திரும்பாத இடத்தில் வைக்கலாம். நர்ஸிடம் உதவி கேட்டால் அந்தச் சில நிமிடம் செலவாகும். செலவாகட்டும்.

மார்ச் 21, வெள்ளி

நிர்வாகத்தோடு பேசினோம். நாங்கள் கேட்டது, கால் டாப்ளர்களையும் எக்கோ என்னும் இதய ஸ்கேன்களையும் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்துப் போடவேண்டாம், தைராய்டு போன்ற சுலபமான ஸ்கேன்களை இடையில் கலந்து போடுங்கள் என்பதுதான். எவ்வளவுதான் சரியாக உட்கார்ந்தாலும், பட்டியல் இடைவெளி இல்லாமல் ஓடினால் தோள் தாங்காது. ஊழியரை நிமிர்ந்து உட்காரச் சொல்லிவிட்டுப் பட்டியலை நீட்டிக்கொண்டே போவது எனக்கு நியாயமாகப் படவில்லை, அதை அப்படியே சொன்னேன். பட்டியலை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். உயரம் மாற்ற வராத பழைய கட்டிலைப் பற்றி மட்டும் பதில் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண் இன்று, இரவில் வலதுபுறம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்று சொன்னாள். தோளில் பிரச்சினை தொடங்குவதற்கு இது ஒரு முக்கியமான அறிகுறி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்க வேண்டாம் என்று சொல்லி, எலும்பு மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தேன். வலி எப்போது தொடங்கியது, எந்த ஸ்கேனில் கூடுகிறது என்பதையெல்லாம் எழுதி, வேலையால் வந்த பாதிப்பாகப் பதிவு செய்யும்படியும் சொன்னேன். தயங்கினாள். புதிதாக வந்தவள், புகார் சொல்கிறாள் என்று நினைப்பார்களோ என்ற பயம். படிவத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பினோம். பழைய கட்டிலைப் பற்றியும் அதிலேயே எழுதிவிட்டோம்.